15 குதிரைவலு மெசின் இறுகிப்போச்சு: திருத்துறதா, மாத்துறதா?

அணியம் கேட்டது:

யாழ்ப்பாணம், குருநகர்ப் பக்கம். பதினெட்டரை அடி பைபர் படகு. படகின் பின்னால் பூட்டும் மெசின், 15 குதிரைவலு, டூ-ஸ்ட்ரோக், இரட்டைச் சிலிண்டர், மண்ணெண்ணெய் மொடல். ஒன்பது வருசம் பழசு. ஓட்டம் கடலேரிக்குள்ளும் தீவுப் பக்கமும்தான். ஆழம் குறைவு, சாதாழை (கடற்புல்) கூட.

முழு விசையில் வரும்போது சத்தம் அடைத்து, வேகம் விழுந்து, நின்றுவிட்டது. கயிறு இழுபடவில்லை. அரை மணித்தியாலம் ஆறவிட்ட பிறகு இழுபட்டது, ஸ்டாட்டும் ஆனது. ஆனால் ஒரு சிலிண்டர்தான் வேலை செய்வதுபோல் துடிக்கிறது, விசை இல்லை. பக்கத்தால் பீச்சும் தண்ணீர் கடைசிவரை வந்துகொண்டுதான் இருந்தது. அதனால் சூடேறியிருக்கும் என்று நினைக்கவில்லை.

கரையில் பார்த்தது: கொம்பிரசன் மேல் சிலிண்டரில் 95 பிஎஸ்ஐ, கீழ் சிலிண்டரில் 55. பொறி இரண்டிலும் நல்ல நீலம். கியர் ஒயில் பால் நிறம். மெசின் ஒருநாளும் கடலுக்குள் விழுந்ததில்லை.

கராச்சில் திறக்காமலே முழுத் திருத்தத்துக்கு (கிராங், இரண்டு பிஸ்டன், சிலிண்டர் உட்துளையைப் பெருக்கி வெட்டும் போர் வேலை, கியர்ப் பெட்டி) புது மெசின் விலையில் 45 வீதம் வரும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் அதே மொடல், நாலு வருசம் ஓடினது, புது விலையில் 60 வீதத்துக்கு இருக்கிறது. மூன்றாவது வழி புதுசு. எதற்குப் போகலாம்?

---

கடையார் எழுதியது:

தம்பி, அந்த 45 வீதத்தை இப்ப ஒரு பக்கம் வையுங்கோ. அது திறக்காத மெசினுக்குச் சொன்ன விலை. கிராங்கும் போச்செண்டு வைச்சுத்தான் கணக்குப் போட்டிருப்பினம். கிராங் நல்லாயிருந்தால் அதில பெரிய துண்டு கழண்டுவிடும். கிராங்கும் போய், கியர்ப் பல்லும் அரிச்சுக் கிடந்தால் 45 வீதத்திலயும் நிக்காது. ரெண்டில எது எண்டு தெரியாமல் புதுசோ பழசோ எண்டு கதைக்கிறதில பிரயோசனமில்லை.

திறக்க முதல் நடுப்பகுதியைப் பாருங்கோ. பிஸ்டனும் றிங்கும் காசு குடுத்தால் வரும், உப்புத் தின்ற அலுமினியம் வராது. கியர்ப் பெட்டியைக் கழட்டி இறக்கிப்போட்டு, கீழயிருந்து ரோச் அடிச்சு மேல பாருங்கோ. புகை போற குழாய் அரிச்சு ஓட்டை விழுந்திருக்கோ, பவர்ஹெட் (சிலிண்டரும் கிராங்கும் உள்ள மேல்பகுதி) குந்தியிருக்கிற தட்டு பொருக்குத் தட்டிக் கிடக்கோ எண்டு தெரியும். அந்தத் தட்டும் காஸ்கெற்றும் விட்டால் தண்ணி புகை வழியால சிலிண்டருக்குள்ளயே ஏறும். படகில பிடிக்கிற கிளாம்ப், அச்சுக் குழாய், கியர்ப் பெட்டி போல்ற்றுகள் எல்லாத்தையும் பாருங்கோ. போல்ற் கழராமல் முறிஞ்சால் அந்த ஒண்டுக்காக மெசினைக் கழிக்கத் தேவையில்லை. நாலஞ்சு முறிஞ்சு, சுத்தியுள்ள அலுமினியமும் வெள்ளைப் பொடியாக் கொட்டினால் அந்த மெசினில காசு போடாதேங்கோ. உள்ளுக்கு எவ்வளவு நல்லாயிருந்தாலும் சரி.

கொம்பிரசனை இன்னொருக்கால் முறையா எடுங்கோ. ரெண்டு பிளக்கும் கழண்டிருக்கோணும், துரோட்டில் முழுக்கத் திறந்திருக்கோணும், பிளக் வயர் ரெண்டும் புளொக்கில எர்த் பண்ணியிருக்கோணும் (சும்மா தொங்கவிட்டு இழுத்தால் பொறி குடுக்கிற சிடிஐ பெட்டி போகும்). கேஜ் புரி வைச்சுப் பூட்டிறதா இருக்கட்டும், றப்பர் நுனியைக் கையால அமத்திறது வேண்டாம். முள்ளு ஏறாமல் நிக்கும்வரை ஐஞ்சாறு தரம் ஒரே வேகத்தில இழுங்கோ. மண்ணெண்ணெய் மொடலுக்கு ஹெட் வேற. பெற்றோல் மொடலிலும் பார்க்கக் கொம்பிரசன் குறைவாத்தான் வரும். அதால 95 தனிய கெட்டதில்லை. ஆனால் ரெண்டு சிலிண்டருக்கும் இடையில 10, மிஞ்சினால் 15 வீத வித்தியாசந்தான் இருக்கலாம். உங்களுக்கு 40 வீதத்துக்கு மேல. திரும்ப எடுத்தும் இதே கணக்கெண்டால், கீழ் சிலிண்டர் காயப்பட்டிருக்கு. காபரேட்டரையும் பிளக்கையும் நோண்டி நேரத்தை விடாதேங்கோ.

அடுத்தது ஹெட். இதுக்குச் செலவு ஒரு காஸ்கெற் மட்டுந்தான். கழட்ட முதல் ஒவ்வொரு போல்ற்றிலயும் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கோ. அசையாட்டில் போல்ற்றைச் சுத்தியுள்ள அலுமினியத்தைக் காஸ் ரோச்சால சூடாக்கி, இறுக்கிற பக்கம் கொஞ்சம் அசைச்சுப்போட்டுத்தான் கழட்டிற பக்கம் திருப்போணும். புகைப் பக்கத்து மூடியையும் எடுங்கோ. துவாரத்தால பிஸ்டன்ர பக்கமும் றிங்கும் தெரியும்.

பிறகு பிஸ்டன் என்ன சொல்லுதெண்டு பாருங்கோ:

பிஸ்டனைச் சுத்தி நாலு இடத்தில நெடுங்கீறல் எண்டால் சூட்டில விரிஞ்சு பிடிச்சது. தண்ணி ஓட்டம் தான் குற்றவாளி.

புகைத் துவாரப் பக்கம் மட்டும் வழிச்செடுத்திருந்தால் ஒயில் போதாமை, இல்லாட்டி எரிபொருள் மெலிஞ்சது (காத்துக் கூடி எரிபொருள் குறைஞ்சது). இந்த மெசின் வகையில ஒரு காபரேட்டர்தான் ரெண்டு சிலிண்டருக்கும். அதால ஒரு சிலிண்டர் மட்டும் மெலிஞ்சால் கிராங் சீலால காத்து இழுக்குதோ எண்டு சந்தேகப்படுங்கோ. கீழ் சிலிண்டர் எண்டால் கீழ்ச் சீல். றீட் வால்வு உடைஞ்சிருந்தாலும் இப்பிடி வரலாம்.

பிஸ்டன் தலையில ஓட்டை, ஓரம் கடிச்ச மாதிரி அரிப்பு எண்டால் எரிபொருள் நேரங்கெட்டு வெடிக்கிற தட்டல். பெற்றோல் ஹெட்டை மண்ணெண்ணெய் மெசினில மாட்டிறது, இல்லாட்டிப் பெற்றோல் மெசினில மண்ணெண்ணெய் விட்டு ஓட்டிறது இதைத்தான் செய்யும்.

ஒரு பிஸ்டன் தலை மட்டும் கழுவின மாதிரிப் பளிச்செண்டு இருந்தால் அந்தச் சிலிண்டருக்குத் தண்ணி போயிருக்கு. ஹெட் காஸ்கெற்.

பக்கத்தால தண்ணி பீச்சினது எண்டு நம்பாதேங்கோ. அது பம்ப் வேலை செய்யுதெண்டு மட்டும் சொல்லும். சிலிண்டரைச் சுத்தியுள்ள பாதை உப்பும் மணலும் அடைச்சுக் கிடந்தாலும் அந்தக் குழாயால தண்ணி வரும். கையை வைச்சுப் பார்த்தால் விளங்கும்: நல்ல மெசினில இளஞ்சூடா வரும், பீச்சல் மெலிஞ்சு, கை வைக்க ஏலாத சூடாய் வந்தால் உடன விசையைக் குறைக்கோணும்.

கிராங்குக்கு: ஹெட் இல்லாமல் பிஸ்டனை மேல்முனைக்குக் கொண்டுவந்து, ஃபிளைவீலை அசையாமல் பிடிச்சுக்கொண்டு பிஸ்டனை அமத்தி விடுங்கோ. 'டக்' எண்டு கையில தட்டினால் பெரிய முனைப் பெயாரிங் போச்சு. பிளக் இல்லாமல் ஃபிளைவீலை மெதுவாச் சுத்தினால் கறுகறு எண்டு தடவுதோ எண்டு பாருங்கோ. இது அமத்திப் பொருத்தின கிராங். கடலோரக் கராச்சில பிரிச்சு நேர் பண்ணிறது லேசில்லை. போனால் முழுசாத்தான் மாத்தோணும்.

முடிவு இப்பிடி: போர் 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் ஓவர்சைசில (அவ்வளவு பெருப்பிச்சு வெட்டினால்) துப்புரவாகும், கிராங் சுத்தம் எண்டால் யோசியாமல் திருத்துங்கோ. கிராங் போச்சு, ஆனால் நடுப்பகுதியும் கியரும் நல்லம் எண்டால் அதே மொடலில நல்ல பவர்ஹெட் மட்டும் கிடைக்குமோ எண்டு தேடுங்கோ. கிராங்கோட கியரும் போச்செண்டால், அல்லது தண்ணிப் பாதைச் சுவரை உப்புத் திண்டிருந்தால், துண்டு துண்டா வித்துப்போட்டு மாத்துங்கோ.

கியர் ஒயிலில தண்ணி கலந்து பால் நிறமானதுக்கும் மெசின் இறுகினதுக்கும் சம்பந்தமில்லை. ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதேங்கோ.

---

சுக்கான் எழுதியது:

கடையார் அண்ணை சொன்ன பரிசோதனை முறையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கணக்கில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது: எரிபொருள்.

மண்ணெண்ணெய் மொடல்கள் கரையெல்லாம் பரவியதற்குக் காரணம் விலை. 2022 ஓகஸ்ற்றில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனபோது அந்தக் காரணத்தின் பெரும்பகுதி போய்விட்டது. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இன்றைய வித்தியாசம் எவ்வளவோ, அதை வைத்துத்தான் பழைய மெசினைத் திருத்துவது லாபமா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் மெசின் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்தது உண்டா? 5 லீற்றர் கானைத் தனியாகப் பூட்டி, வழமையான பாரத்தோடும் விசையோடும் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பார்த்தால் போதும். 15 குதிரைவலு காபரேட்டர் டூ-ஸ்ட்ரோக் முழு விசையில் மணிக்கு ஏறத்தாழ 6 முதல் 7 லீற்றர்வரை எடுக்கும். அதே வலு ஃபோர்-ஸ்ட்ரோக் 5 லீற்றரை ஒட்டி நிற்கும். மணிக்கு ஒன்றரை லீற்றர் மிச்சம் என்று வைத்தால், நாளுக்கு 4 மணித்தியாலம், வருசத்தில் 200 நாள் என்றால் 1,200 லீற்றர். இதோடு கலப்பு ஒயிலும் இருக்கிறது. 50:1 கலவையில் நாளுக்கு 26 லீற்றர் எரித்தால் 520 மில்லிலீற்றர் ஒயில், வருசத்துக்கு 104 லீற்றர். ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு அவ்வப்போது சம்ப் ஒயில் மாற்றினால் சரி.

இந்த இரண்டையும் இன்றைய விலையால் பெருக்குங்கள். வருகிற தொகை புது மெசினுக்கும் திருத்தச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு வருசத்துக்குள் அடைத்துவிடும் என்றால் திருத்துவது மலிவுபோல் தெரியும் செலவுதான். நாலைந்து வருசம் எடுக்கும் என்றால் திருத்துங்கள். வருசத்தில் 80, 100 நாள் மட்டும் கடலுக்குப் போகிறவருக்கு இந்தக் கணக்கு புதுசின் பக்கம் சாய்வது கடினம்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கின் கெட்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். 15 கிலோவரை பாரம் கூடும். ஒவ்வொரு நாளும் கழற்றித் தோளில் தூக்கிப் போகிறவருக்கு அது சின்ன விசயம் இல்லை. கண்டபடி சாய்த்துப் படுக்கவைக்க முடியாது. குறிப்பிட்ட பக்கமாகத்தான் கிடத்த வேண்டும், இல்லாவிட்டால் சம்ப் ஒயில் சிலிண்டருக்குள் போய்விடும். கடலில் விழுந்தால் வால்வு, கேம், சம்ப் என்று திறக்க வேண்டிய இடமும் கூட. மண்ணெண்ணெயை மறந்துவிட வேண்டும்.

---

மண்டபம்_கரை எழுதியது:

ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து எழுதறேன் அண்ணே. மத்த ரெண்டையும் அவங்க சொல்லிட்டாங்க. அந்த 60 சதவீத செகண்ட் ஹேண்ட் எஞ்சினைப் பத்தி மட்டும் சொல்றேன்.

நாலு வருஷம்னு சொன்னா ஏமாறாதீங்க. எஞ்சினுக்கு வயசு மணிக்கணக்கில்தான். வருஷத்துக்கு 200 நாள், நாளுக்கு 4 மணி நேரம் ஓடியிருந்தா 3,200 மணி நேரம் ஆச்சு. அது தொழில் பார்த்த எஞ்சின். உங்க எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு, இன்னும் கொஞ்ச நாள்ல அதே இடத்துக்கு வரப்போற எஞ்சினைக் கூடுதல் காசு கொடுத்து வாங்கற மாதிரி ஆகிடும். 45-க்கும் 60-க்கும் நடுவில் இருக்கற 15 சதவீதத்துக்கு அது என்ன தருதுன்னு யோசிங்க.

அப்படியும் பார்க்கப் போறீங்கன்னா, போன உடனே ஹெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்க. நாளைக்கு வர்றேன்னு திரும்பிடுங்க. ஆறிக் கிடக்கற எஞ்சின் எத்தனை இழுப்புல எடுக்குதுங்கறதுதான் சோதனை.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, ராத்திரி முழுக்க நின்ன எஞ்சினோட கியர் ஆயில் கீழ் திருகை லேசா விடுங்க. தண்ணி ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கியிருக்கும், அதுதான் முதல்ல சொட்டும். ஓட்டினதுக்கு அப்புறம் பார்த்தா கலந்து போய் நிறத்தை வெச்சுத்தான் சொல்லணும். நேத்துதான் ஆயில் மாத்தினோம்னு சொன்னா, ஒரு மணி நேரம் பாரத்தோட ஓட்டிட்டு மறுபடி பாருங்க.

ஃபிளைவீல் மூடியைக் கழட்டி ஸ்டேட்டர் காயில் பின்பக்கம் பாருங்க. அங்கே செந்துருவும் உப்புப் பொருக்கும் இருந்தா கடலுக்குள்ள முங்கின எஞ்சின். காபரேட்டர் கிண்ணத்துக்குள் வெள்ளையா அரிச்சிருக்கறதும் அதே சாட்சிதான். முங்கின எஞ்சினை உடனே நல்ல தண்ணியில் கழுவி, பிளக் எடுத்து, ஆயில் விட்டு, அன்னிக்கே ஓட விட்டிருந்தா பொழைக்கும். கரையில் ரெண்டு நாள் காய விட்டிருந்தா ஊசி பேரிங்ல துரு குழி விழுந்திருக்கும். இன்னிக்கு ஓடும், ஒரு நாள் நடுக்கடல்ல கிராங்கோட உடையும்.

போல்ட் தலைகள்ல மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தா என்ன மாத்தினாங்கன்னு கேளுங்க, கழட்டின பழைய சாமானைக் காட்டச் சொல்லுங்க.

டிரம்ல மட்டும் ஓட்டிப் பார்த்து வாங்காதீங்க. டிரம்ல எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். ஆள் ஏத்தி, கடல்ல முழு விசை கொடுத்து அஞ்சு நிமிஷம் போங்க. முன் கியர் டக்குனு நழுவி நழுவிப் பிடிச்சா கியரைப் பிடிக்கற டாக் கிளட்ச் முனை மழுங்கிடுச்சு. எஞ்சின் உறுமுது, போட் போகலைன்னா புரொப்பெல்லர் ரப்பர் புஷ் வழுக்குது. ரெண்டாவது சின்னச் செலவு, முதலாவது அப்படி இல்லை.

கிளாம்ப்ல இருக்கற எண் தகடு சுரண்டியோ காணாமலோ இருந்தா, விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் வேண்டாம். பதிவு பண்ணும்போது மாட்டிக்குவீங்க.

---

அணியம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஹெட், புகைப்பக்க மூடி, கியர்ப் பெட்டி மூன்றையும் கழற்றியாயிற்று. பார்த்தவை:

ஹெட் போல்ற் ஒன்று முறிந்தது, மற்றவை கழன்றன. நடுப்பகுதியில் பெயின்ற் போன இடம் உண்டு, அரிப்பு ஆழமில்லை. புகைக் குழாய் சரி.

கீழ்ப் பிஸ்டனில் நாலு பக்கமும் நெடுங்கீறல். சிலிண்டர் சுவரில் நகம் வைத்தால் தடக்குகிறது. போர் கேஜில் கீழ் சிலிண்டர் ஆகக்கூடிய இடத்தில் 56.09, மேல் சிலிண்டர் 56.04 மில்லிமீற்றர். பிளக் மேலே மண்ணிறம், கீழே வெள்ளை.

சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர்ப் பாதையில் கீழ்ப் பாதி கல்லுப்போல் உப்பும் மணலும். தண்ணீர்ப் பம்ப் இம்பெல்லரின் இதழ்கள் ஒரு பக்கம் வளைந்தே நிற்கின்றன, இரண்டின் அடியில் வெடிப்பு.

கிராங்கில் தட்டல் இல்லை, சுற்றும்போது சத்தமும் இல்லை. கியர்ப் பற்களும் பெயாரிங்கும் நல்லாயிருக்கு. புரொப்பெல்லர் தண்டில் தங்கூசி (நைலோன் இழை) சுற்றி, சீலுக்குள் இறங்கி வெட்டியிருக்கிறது. தண்டில் சீல் உட்காரும் இடத்தில் மெல்லிய வளையம், நகத்தில் தடக்கவில்லை.

மேல் சிலிண்டரை விட்டுவிட்டுக் கீழை மட்டும் செய்யலாமா? எரிபொருள் கணக்கும் பார்த்தேன். வருசத்தில் 120 நாள் அளவுதான் ஓடுகிறேன்.

---

கடையார் எழுதியது:

120 நாள் எண்டால் சுக்கான் சொன்ன கணக்கும் திருத்தத்தின்ர பக்கந்தான். கிராங் இல்லாமல், கியர்ப் பல் இல்லாமல் புது மதிப்பீடு கேளுங்கோ. பாகத்துக்கு வேற, கூலிக்கு வேற எழுதித் தரச் சொல்லுங்கோ.

காரணம் வெளிச்சம்: தண்ணிப் பாதை அடைப்பு, அதுக்குமேல செத்த இம்பெல்லர். கடலேரி மணல் இம்பெல்லரையும் பம்ப் கிண்ணத்தையும் அரம் மாதிரித் தேய்க்கும், சாதாழை உறிஞ்சுற வாயை மூடும். இதைச் சரி பண்ணாமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் இதே மாதிரி இறுகும். புது மெசின் வாங்கியிருந்தாலும் இதே கதைதான்.

போர்: யமஹா எண்டியூரோ 15 வகையெண்டால் மூல போர் 56.00, தேய்மான எல்லை 56.10. மேல் சிலிண்டர் எல்லைக்குள்ள இருக்கு. லேசா ஹோன் பண்ணி (சுவரை மெல்லிசா உரசி)ப் புது றிங் போட்டால் ஓடும். எண்டாலும் புளொக் ஒருக்காத்தான் திறபடப்போகுது. காசு இடங்குடுத்தால் ரெண்டையும் 0.25க்கு எடுங்கோ. இடங்குடாட்டில் கீழை மட்டும் செய்யலாம், மெசின் ஒண்டும் குழம்பாது.

போர் பண்ணக் குடுக்கிற ஒழுங்கு முக்கியம். கடைசல் பட்டறையில முதல் கீறல் ஆழத்தை அளந்து 0.25 போதுமோ எண்டு கேளுங்கோ. போதாட்டில் 0.50, அதுக்கு மேல ஓவர்சைஸ் இல்லை. அளவு தெரிஞ்ச பிறகு பிஸ்டனை வாங்கிக் கையில குடுத்து, அந்தப் பிஸ்டனை அளந்து, மேனுவலில உள்ள இடைவெளியைக் கூட்டி வெட்டச் சொல்லுங்கோ. பிஸ்டன் இல்லாமல் "56.25க்கு வெட்டு" எண்டு விட்டால் இறுக்கமா வரும், இல்லாட்டித் தொளதொளக்கும். அந்த இடைவெளி மில்லிமீற்றரின் நூறில் சில பங்குதான். வெட்டின பிறகு எல்லாத் துவார ஓரத்தையும் மழுக்கச் சொல்லுங்கோ. கத்தி மாதிரி விட்டால் றிங் கொழுவி உடையும். போர் பண்ணி ஒரு கிழமையில மெசின் போச்செண்டு கேள்விப்பட்டால் பாதிக்கு இதுதான் காரணம்.

தண்ணிப் பாதை: மரக்குச்சியாலயும் பிளாஸ்ரிக்காலயும் சுரண்டி, வினாகிரியில சில மணித்தியாலம் ஊறவிட்டு, நல்ல தண்ணியில நிறையக் கழுவுங்கோ. கழுவறை அமிலம் விடச் சொல்லுவினம். அது உப்போட அலுமினியத்தையும் தின்னும். தேர்மோஸ்டற்றை வெப்பமானியோட தண்ணிக்குள்ள தொங்கவிட்டுச் சூடாக்குங்கோ. 50 பாகையை ஒட்டித் திறக்கத் தொடங்கி, 60க்குள்ள நல்லாத் திறந்திருக்கோணும். கழட்டி எறிஞ்சுபோட்டு ஓட்டாதேங்கோ. குளிர்ந்தே ஓடிற மெசினில மண்ணெண்ணெய் முழுக்க எரியாமல் கரி கட்டும்.

பம்ப்: இம்பெல்லர் மட்டுமில்லை, சாவி, கீழ்த் தட்டு, உட்கிண்ணம், காஸ்கெற் எல்லாம் சேர்ந்த கிற்றா வாங்குங்கோ. தட்டில வளையமா வெட்டு விழுந்திருந்தால் புது இம்பெல்லரும் தண்ணி ஏத்தாது. உங்கட கடலேரி ஓட்டத்துக்கு வருசம் ஒருக்கா மாத்துறது காணாது, ஆறு மாசத்துக்கொருக்காத் திறந்து பாருங்கோ.

பூட்டேக்க: பிஸ்டன்ர 'அப்' அடையாளம் ஃபிளைவீல் பக்கம். பிஸ்டன் ஊசியின்ர பூட்டு வளையம் பழசைத் திரும்பப் போடவே கூடாது, அதின்ர வாய் பிஸ்டன் வெட்டுக்கு நேர நிக்கவும் கூடாது. சின்ன முனை ஊசி பெயாரிங், கிராங் சீல் மேலும் கீழும், நல்லாயிருந்தாலும் புதுசு. ஹெட் போல்ற்றுகளை நடுவிலயிருந்து வெளிய, ரெண்டு கட்டமா, ரோர்க் ரெஞ்சால. ஒவ்வொரு போல்ற்றிலயும் கிறீஸ் பூசினால் அடுத்தமுறை முறியாது. முறிஞ்ச இடத்துக்கு ஹெலிகொயில் (புரிக்குள்ள போடுற கம்பிச் சுருள்) போடலாம்.

கியர்ப் பெட்டி: தண்டு வளையம் நகத்தில தடக்காட்டில் ரெண்டு புதுச் சீல் போதும். ஒயில் விட முதல் காத்து அடிச்சு 14 பிஎஸ்ஐயில 10 செக்கன் நிக்குதோ எண்டு பாருங்கோ. அதுக்கு மேல அடிச்சால் நல்ல சீலும் புரளும். ஒயில் கீழ்த் துவாரத்தால ஏத்தி மேல் துவாரத்தால வழியும்வரை, ஏறத்தாழ 250 மில்லிலீற்றர். மேலயிருந்து ஊத்தினால் காத்துக் குமிழி நிண்டு அளவு குறையும்.

---

அணியம் எழுதியது:

புது மதிப்பீடு 27 வீதம், இரண்டு சிலிண்டரும் சேர்த்து. கொடுக்கிறேன். பூட்டிய பிறகு முதல் ஓட்டம் மண்ணெண்ணெயிலா பெற்றோலிலா? ஒயில் எவ்வளவு? மோட்டார் சைக்கிள் 2ரி ஒயில் கையில் நிறைய இருக்கிறது.

---

சுக்கான் எழுதியது:

27 என்றால் எனக்கும் வாதம் இல்லை.

மோட்டார் சைக்கிள் ஒயிலை விட வேண்டாம். அது காற்றால் குளிரும் எஞ்சினுக்கானது. இதில் பிளக்கிலும் றிங் வெட்டிலும் படிவு கட்டும். போத்தலில் டிசி-டபிள்யூ3 (TC-W3, தண்ணீரால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் மெசினுக்கான தரம்) என்று போட்டிருக்க வேண்டும்.

முதல் 10 மணித்தியாலம் 25:1. அதாவது 20 லீற்றருக்கு 800 மில்லிலீற்றர். அதன்பின் 50:1, 20 லீற்றருக்கு 400. கானில் பாதி எரிபொருளை விட்டு, ஒயிலை ஊற்றி, குலுக்கி, பிறகு மீதியை விடுங்கள். அடியில் ஒயில் தங்கினால் முதலில் புகைக்கும், பிறகு வறண்டு ஓடும்.

முதல் மணித்தியாலம் அரை விசைக்கு மேல் போகாமல், வேகத்தை மாற்றி மாற்றி. இரண்டாவது மணித்தியாலம் முக்கால்வரை. மீதி எட்டிலும் முழு விசை கொடுக்கலாம், ஆனால் ஒரு தடவையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு மணித்தியாலத்தையும் முழுக்கப் பெற்றோலில் ஓட்டுவது என் விருப்பம். சூடும் கரியும் குறைவு, ஸ்டாட்டும் இலேசு.

மண்ணெண்ணெய்க்கு மாறிய பிறகும் பெற்றோலில் எடுத்து, நன்றாகச் சூடேறின பிறகுதான் மாற்ற வேண்டும். கரைக்கு வருமுன் சில நிமிடம் பெற்றோலுக்குத் திருப்பி, காபரேட்டரில் மண்ணெண்ணெய் முடிந்த பிறகு நிறுத்துங்கள். அப்படி நிறுத்தாவிட்டால் அடுத்த நாள் இழுத்து இழுத்துத் தோள் போகும், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலையும் கழுவிவிடும்.

10 மணித்தியாலம் முடிந்ததும் ஹெட் போல்ற்றை ஆறின மெசினில் திரும்ப இறுக்கிப் பார்த்து, கொம்பிரசன் எடுத்து, இரண்டு எண்ணையும் மெசினின் மேல் மூடியின் உட்பக்கம் அழியாத மையால் திகதியோடு எழுதிவையுங்கள்.

---

கடையார் எழுதியது:

அதோட தங்கூசி. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா புரொப்பெல்லரைக் கழட்டித் தண்டைப் பாருங்கோ, பிளவு ஊசியைப் புதுசாப் போடுங்கோ. புதுச் சீலையும் அது ஒரு மாசத்தில வெட்டும்.

பூட்டின மெசினை முதல் நாள் ட்ரம்மில ஓட்டேக்க தண்ணி, பம்ப் இருக்கிற இடத்துக்கு மேல நிக்கோணும். கியர்ப் பெட்டி மட்டும் மூழ்கினால் காணாது. கடலுக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளும் அதே ட்ரம்மில நல்ல தண்ணி விட்டு 10 நிமிசம் ஓட விடுங்கோ. பீச்சிற தண்ணி இளஞ்சூடா வந்தாத்தான் தேர்மோஸ்டற் திறந்து, சிலிண்டரைச் சுத்தியும் கழுவுப்படும்.